பிரசவ விடுப்பு முடிகிறது: குழந்தையை யாரிடம் விடுவது?

பிரசவ விடுப்பு முடிய ஒரு மாதம் இருக்கும்போதுதான் பெரும்பாலான வீடுகளில் இந்தப் பேச்சு ஆரம்பிக்கிறது. வயிற்றில் பிள்ளை இருக்கும்போதே பேசி முடித்திருக்க வேண்டிய விஷயம் இது. தனியார் நிறுவனத்தில் வேலை பார்க்கும் பெண்ணுக்கு, 2017ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின்படி, முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. பிரசவத்துக்கு முன்பே அதில் சில வாரங்கள் கழிந்துவிடும். அதனால் அவர் வேலைக்குத் திரும்பும் நாளில் பல வீடுகளில் குழந்தைக்கு ஐந்து மாதம்தான் ஆகியிருக்கும். தமிழக அரசு ஊழியருக்கு 2021 ஜூலையிலிருந்து 12 மாதம். ஐந்து மாதக் குழந்தை தாய்ப்பாலை மட்டுமே நம்பியிருக்கிறது. ஒரு வயதுக் குழந்தை பருப்புசோறு சாப்பிடும், சுவரைப் பிடித்து நிற்கும், வேண்டியவரிடம் கை நீட்டும், வேண்டாதவரைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அப்பாவுக்கு? மத்திய அரசு ஊழியர் என்றால் 15 நாள். தனியார் நிறுவன அப்பாக்களுக்குச் சட்டம் எதையும் கட்டாயமாக்கவில்லை, நிறுவனம் மனது வைத்தால் உண்டு.

சென்னை, கோவை மாதிரியான ஊர்களில் இருவரும் வேலைக்குப் போகும் வீட்டுக்கு ஆறேழு வழிகள் இருக்கின்றன. பாட்டியை வரவழைக்கலாம். குழந்தையை ஊருக்கு அனுப்பலாம். வீட்டோடு ஆயா வைக்கலாம். பகல் நேரக் காப்பகத்தில் விடலாம். கொஞ்சம் வளர்ந்ததும் அங்கன்வாடிக்கு அனுப்பலாம். ஒருவர் வேலையை விடலாம். பெற்றோருடன் ஒரே வீட்டிலோ, அவர்கள் வீட்டுக்குப் பக்கத்திலோ குடியேறலாம். இவற்றை எடைபோடும்போது பேச்சு எப்போதும் கூட்டுக் குடும்பம் நல்லதா, தனிக்குடித்தனம் நல்லதா என்றுதான் போகிறது. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குடும்பத்தின் பெயர் என்ன என்பதைவிட, குழந்தையின் ஒரு நாளில் மாறாமல் வந்துபோகும் பெரியவர்கள் எத்தனை பேர், அவர்களில் ஒருவர் களைத்துப்போனால் குழந்தையை வாங்கிக்கொள்ள இன்னொருவர் இருக்கிறாரா என்பதுதான் வளர்ப்பைத் தீர்மானிக்கிறது.

அம்மாவைத் தவிர வேறொருவரிடம் விட்டால் பிள்ளையின் பாசம் போய்விடுமோ என்ற பயம் எல்லாருக்கும் இருக்கிறது. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் ஷாஃபர், எமர்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 60 குழந்தைகளை வீடு வீடாகப் போய்க் கவனித்து, 1964இல் முடிவை வெளியிட்டார்கள். ஒன்றரை வயது ஆவதற்குள் பெரும்பாலான குழந்தைகள் அம்மாவோடு சேர்த்து அப்பா, பாட்டி, அண்ணன், அக்கா என்று ஒருவருக்கு மேற்பட்டவர்களிடம் ஒட்டியிருந்தன. கூடவே இருப்பவரைவிட, அழுதால் வந்து பார்ப்பவரிடமும் விளையாடுபவரிடமும்தான் குழந்தை ஒட்டுகிறது என்பதும் அதில் தெரிந்தது. அமெரிக்காவில் 1991இல் தொடங்கிய பெரிய ஆய்வு ஒன்று 1,300க்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பிறந்ததிலிருந்து பல வருடம் பின்தொடர்ந்தது. அம்மாவிடம் மட்டுமே வளர்ந்த பிள்ளைகளுக்கும் மற்றவர்களிடமும் வளர்ந்த பிள்ளைகளுக்கும் வளர்ச்சியில் பெரிய வித்தியாசம் இல்லை. காப்பகம் தரமானதாக இருந்தால் பேச்சும் அறிவும் சற்று மேலாக இருந்தன, மணிக்கணக்கு மிக நீண்டால் முரண்டு கொஞ்சம் கூடியது. எல்லாவற்றையும்விட அழுத்தமாகத் தெரிந்தது வீட்டின் தாக்கம். நம் குடும்பங்கள் அவர்கள் குடும்பங்கள் மாதிரி இல்லை என்பது உண்மைதான். ஆனாலும், வேலைக்குப் போவதால் பிள்ளைக்குத் துரோகம் செய்கிறோம் என்று உள்ளுக்குள் புழுங்கும் அம்மாக்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

பாட்டி வருகிறார்

நம் ஊரில் இது இயல்பாகவே முதல் வழி. தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது இன்னும் பல வீடுகளில் மாறவில்லை. மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ பிள்ளையைக் கொண்டுவந்து விடும் வரை குழந்தையைக் குளிப்பாட்டியது, காலில் போட்டு எண்ணெய் தேய்த்தது எல்லாம் அம்மம்மாதான். குழந்தைக்கு அந்தக் கையும் குரலும் பழக்கம். அந்தக் கையே தொடர்ந்து இருந்தால் அம்மா வேலைக்குப் போகும் முதல் வாரம் பாதி லேசாகிவிடும். தமிழில் பேச்சு கேட்கும், தாலாட்டு கேட்கும், கதை கேட்கும். காய்ச்சல் வந்தால் யார் லீவு போடுவது என்ற சண்டை வராது.

ஆனால் பாட்டிக்கு என்ன ஆகிறது என்று யாரும் கணக்குப் போடுவதில்லை. ஐம்பத்தெட்டு அறுபது வயதில், மூட்டு வலியோடும் சர்க்கரையோடும், ஒன்பது கிலோ குழந்தையைத் தூக்கிக்கொண்டு நாள் முழுக்க நடக்க வேண்டும். ஊரில் அவருக்கு வாசல் இருந்தது, எதிர்வீட்டுப் பெண் இருந்தாள், வெள்ளிக்கிழமை கோவில் இருந்தது. இங்கே மூன்றாவது மாடி, சாத்திய கதவு, லிப்டில் பார்த்தால் சிரிக்கும் முகங்கள், அவ்வளவுதான். தாத்தா ஊரில் மாட்டையும் வயலையும் பார்த்துக்கொண்டு தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிறார். காலை எட்டரைக்கு மகளும் மருமகனும் கிளம்பினால் இரவு ஏழரை வரை, பதினொரு மணி நேரம், ஒரு முதியவரும் ஒரு குழந்தையும். மதியத்துக்கு மேல் அவருக்கு உடம்பு தாங்காது. அந்த நேரத்தில்தான் டிவியும் போனும் வந்து உட்காருகின்றன. இரண்டு வயது வரை திரையே வேண்டாம், அதற்கு மேல் ஐந்து வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது. அதைப் பாட்டியிடம் படித்துக் காட்டிப் பயனில்லை. மதியம் இரண்டு மணியிலிருந்து ஐந்து மணி வரை யாராவது ஒரு பெண்ணை உதவிக்கு வைத்தால், போன் தானாகவே கீழே இறங்கும்.

அப்புறம், மருந்து விஷயம். சேனை வைப்பது, வசம்பு சுட்டு உரைத்து நாக்கில் தடவுவது, மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவது, கண்ணுக்கு மை, நாக்கில் தேன். உன்னை இப்படித்தானே வளர்த்தேன் என்ற ஒரு வார்த்தையில் இளம் அம்மாவின் வாய் அடைந்துவிடும். ஒரு வயதுக்குள் தேன் கூடவே கூடாது. அதிலிருக்கக்கூடிய கிருமி குழந்தையின் குடலில் நஞ்சை உண்டாக்கி உயிருக்கே ஆபத்தாகலாம். மூக்கில் விடும் எண்ணெய் நுரையீரலுக்குள் போகலாம். இதில் விட்டுக்கொடுக்க இடமில்லை. ஆனால் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவது, கேழ்வரகுக் கூழ், பருப்புத் தண்ணீரைத் தாண்டி மசித்த பருப்பு, வாசலில் வெயில் காட்டுவது, இதெல்லாம் பாட்டியின் ராஜ்யம். அங்கே நாம் மூக்கை நுழைக்கக் கூடாது. தடுப்பூசிக்குப் போகும்போது பாட்டியையும் கூட்டிப்போய், தேனைப் பற்றி டாக்டர் வாயாலேயே அவர் முன்னால் சொல்ல வைப்பது மகள் ஆயிரம் தடவை சொல்வதைவிடப் பலிக்கும். மாமியாராக இருந்தால் இது இன்னும் பொருந்தும். பேச வேண்டியது மருமகள் அல்ல, மகன்.

பணத்தைப் பற்றியும் பேசியாக வேண்டும். பெற்றவளுக்குச் சம்பளமா என்று கேட்பவர்கள் உண்டு. நான் கொடுக்கத்தான் சொல்வேன். மாதாமாதம் அவர் பெயரில் உள்ள வங்கிக் கணக்கில் ஒரு தொகை, வாரத்தில் ஒன்றரை நாள் முழு ஓய்வு, இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை ஊருக்குப் போய்வர ஏற்பாடு. பாட்டி வருவதைச் செலவில்லாத வழி என்று நினைத்துத் தொடங்கிய வீடுகளில்தான், ஒன்றரை வருடத்தில் மனக்கசப்போடு அவர் ஊருக்குத் திரும்புவதைப் பார்க்கிறேன்.

குழந்தை ஊருக்குப் போகிறது

பிள்ளையை ஊரில் விட்டுவிட்டு வாரக் கடைசியில் பஸ் ஏறிப் போய்ப் பார்ப்பது இன்னொரு வழி. வாதம் வலுவானதுதான். நல்ல காற்று, கோழி, ஆடு, திண்ணை, சித்தி பிள்ளைகள், மாமன் தோள். தெருவில் யார் வீட்டில் வேண்டுமானாலும் போய்ச் சாப்பிட்டுவிட்டு வரும். ஊரே சேர்ந்து வளர்க்கும் என்பார்கள்.

எனக்கு இதில் இரண்டு தயக்கங்கள் உண்டு. முதலாவது, இப்படிப் போகும் குழந்தை இரண்டு முறை பிரிகிறது. எட்டு மாதத்தில் அம்மாவை விட்டுப் பிரிகிறது. அழுது தீர்த்துப் பாட்டியை அம்மாவாக ஏற்றுக்கொள்கிறது. மூன்றரை வயதில் எல்கேஜி சேர்க்க வேண்டும் என்று நகரத்துக்குக் கூட்டிவந்தால், தன்னை வளர்த்தவரை விட்டு மறுபடி பிரிகிறது. இந்த இரண்டாவது பிரிவை நாம் பிரிவாகவே எண்ணுவதில்லை, பிள்ளை வீட்டுக்கு வந்துவிட்டது என்று சந்தோஷப்படுகிறோம். பிள்ளைக்கு இது வீடு இல்லை. இரவில் எழுந்து பாட்டி பாட்டி என்று அழும், பேசிக்கொண்டிருந்தது பேச்சைக் குறைத்துக்கொள்ளும், பழகிய உணவைத் தவிர எதையும் தொடாது. அடம் பிடிக்கிறான், கிழவி செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டாள் என்று அதற்கு அடியும் விழுகிறது. அங்கே பாட்டியும் அழுதுகொண்டிருக்கிறார்.

இரண்டாவது, நாம் நினைவில் வைத்திருக்கும் ஊர் இப்போது அதே ஊராக இருக்கிறதா? 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரிப் பிள்ளைப்பேறு 1.8. ஆறேழு பிள்ளைகள் பிறந்த காலத்தில் ஒரு தெருவுக்கு முப்பது நாற்பது வாண்டுகள் இருந்தன. இப்போது சித்தி பிள்ளை திருப்பூரில், மாமன் பிள்ளை துபாயில். தெருவில் மிச்சமிருப்பவர்கள் பெரும்பாலும் வயதானவர்கள். பெரிய குடும்பம் என்று நம்பி அனுப்பிய குழந்தை, அங்கேயும் ஒரு பாட்டியோடும் ஒரு டிவியோடும்தான் இருக்கிறது என்றால், பிரிந்ததற்கு என்ன கிடைத்தது? அனுப்புவதற்கு முன், பகல் பதினொரு மணிக்கு அந்தத் தெருவில் ஐந்து வயதுக்குள் எத்தனை பிள்ளைகள் விளையாடுகிறார்கள் என்று போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். மூடாத கிணறும் தொட்டியும் பக்கத்தில் இருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

ஊர் பாசத்தோடு வேறொன்றையும் கற்றுக்கொடுக்கும். யார் வீட்டுக்குள் வரலாம், யார் வாசலோடு நிற்க வேண்டும், யார் வீட்டில் தண்ணீர் குடித்துவிட்டு வந்தால் திட்டு விழும் என்பதை மூன்று நான்கு வயதுப் பிள்ளை யாரும் சொல்லித்தராமலே பார்த்துப் பிடித்துக்கொள்ளும். 2023இல் நாங்குநேரியில் பள்ளி மாணவன் ஒருவன் சக மாணவர்களாலேயே வீடு புகுந்து வெட்டப்பட்ட பிறகு, நீதிபதி கே. சந்துரு தலைமையில் அரசு ஒரு குழு அமைத்தது. மாணவர்கள் சாதி அடையாளமாக வண்ணக் கயிறு கட்டிவருவதைத் தடை செய்ய வேண்டும் என்று அந்தக் குழு 2024இல் பரிந்துரைத்தது. கையில் கயிறு ஏறுவது பதின்மூன்று வயதில் என்றால், அதற்கான பாடம் திண்ணையில் பல வருடம் முன்பே தொடங்கிவிடுகிறது. நகரத்தில் சாதி இல்லை என்று நான் சொல்லவில்லை. வாடகைக்கு வீடு தேடியவர்களுக்கு அது தெரியும். ஆனால் பெற்றோர் பக்கத்தில் இருந்தால், பிள்ளை கேட்டுவந்த ஒரு வார்த்தையை அன்று இரவே மறுத்துச் சொல்ல முடியும். ஊரில் விட்ட பிள்ளை என்ன கேட்டது என்பதே நமக்குத் தெரியாது.

வேறு வழியே இல்லாத நேரங்கள் உண்டு. அம்மாவுக்கு நீண்ட சிகிச்சை, இருவருக்கும் இரவு ஷிப்ட், கட்டட வேலைக்காக மாதத்துக்கு ஓர் ஊர் மாறும் வாழ்க்கை. அப்படி அனுப்பினால், திரும்பக் கூட்டிவரும்போது பாட்டியையும் கூடவே இரண்டு மூன்று மாதம் கூட்டிவாருங்கள். அப்பா மட்டும் வளைகுடாவில், அம்மாவும் பிள்ளையும் ஊரில் என்பது வேறு கதை. அங்கே பிள்ளைக்கு அம்மா மாறவில்லை.

ஆயாவும் காப்பகமும்

வீட்டோடு ஆயா வைப்பதில் வசதி அதிகம். குழந்தை தன் இடத்திலேயே தூங்கும், தன் தட்டில் சாப்பிடும். ஆனால் மூடிய வீட்டுக்குள் வெளியார் ஒருவர், பேசத் தெரியாத குழந்தை, மேற்பார்வைக்கு யாரும் இல்லை. கேமரா வைத்தால் தவறு நடந்த பின்பு தெரியும், அவ்வளவே. தவிர ஆயாக்கள் அடிக்கடி மாறுகிறார்கள். பேசிய சம்பளத்தில் இழுபறி செய்து, லீவும் கொடுக்காமல், பாத்திரமும் துணியும் சேர்த்துத் தலையில் கட்டினால் மாறத்தான் செய்வார்கள். பாட்டியோ தாத்தாவோ வீட்டில் இருந்து ஆயாவும் இருந்தால் இது மிக நல்ல ஏற்பாடு. ஆயா மட்டும் தனியாக என்றால், பேசத் தெரியும் வயது வரும்வரை நான் தயங்குவேன்.

அதைவிடக் காப்பகம் மேல் என்பது என் எண்ணம். பலர் முகம் சுளிப்பார்கள். அநாதைப் பிள்ளை மாதிரி விடுவதா என்று பெரியவர்கள் கேட்பார்கள். ஆனால் அங்கே மூன்று நான்கு பெரியவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், ஒருவர் களைத்தால் இன்னொருவர் வாங்கிக்கொள்கிறார், வேறு குழந்தைகளும் இருக்கின்றன. கூட்டுக் குடும்பத்தில் நாம் தேடுவதில் பாதி இதுதானே.

50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் காப்பக வசதி தர வேண்டும், அம்மா நாளில் நான்கு முறை போய்ப் பார்க்கலாம் என்று 2017 திருத்தமே சொன்னது. இது புதிய யோசனையும் அல்ல. பெண்கள் பலர் வேலை செய்யும் தொழிற்சாலையில் குழந்தைகளுக்கு அறை வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்திலும், தேயிலைத் தோட்டங்களில் வேண்டும் என்று 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டத்திலும் எழுதப்பட்டது. நூறு நாள் வேலை நடக்கும் இடத்துக்கு ஐந்து சிறு குழந்தைகள் வந்தால், அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணைக் கூலியோடு அமர்த்த வேண்டும் என்பதும் அந்தத் திட்டத்தில் இருந்த விதி. எழுத்தில் உள்ளதைக் கேட்டு வாங்குகிறவர்கள் குறைவு. வேலையில் சேரும்போது சம்பளத்தைக் கேட்பது மாதிரி இதையும் கேளுங்கள், ஆண்களும் கேளுங்கள்.

காப்பகத்தைப் பார்க்கப் போனால், சுவரில் வரைந்த கார்ட்டூனைப் பார்க்காதீர்கள். சொல்லாமல் பகல் பன்னிரண்டு மணிக்குப் போங்கள், அது பசியும் தூக்கமும் சேரும் நேரம். அழும் குழந்தையிடம் எவ்வளவு நேரத்தில் யார் வருகிறார்கள் என்று பாருங்கள். ஒரு வயதுக்குள் உள்ள குழந்தைகள் என்றால், ஒரு ஆயாவுக்கு மூன்று நான்குக்கு மேல் இருந்தால் தூக்கக் கை இருக்காது. இரண்டு வருடமாக அங்கேயே இருக்கும் ஆயா எத்தனை பேர் என்று கேளுங்கள், மாதாமாதம் ஆள் மாறும் இடத்தில் குழந்தை யாரிடமும் ஒட்டாது. இரண்டாவது வாசல் இருக்கிறதா, சமையல் எங்கே நடக்கிறது, படிக்கட்டு எவ்வளவு குறுகல் என்று பாருங்கள். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் சமையல் கூடத்தில் பிடித்த தீ கூரைக்குப் பரவி 94 குழந்தைகளை நாம் இழந்தோம். வெளியேற ஒழுங்கான வழி இருந்திருந்தால் அத்தனை பேர் போயிருக்க மாட்டார்கள்.

முதல் சில மாதங்கள் சளி, காய்ச்சல், வயிற்றுப்போக்கு என்று மாறி மாறி வரும். அது வழக்கம்தான். ஆனால் காய்ச்சல் உள்ள குழந்தையை நல்ல காப்பகம் எதுவும் சேர்க்காது. அந்த நாளுக்கு யார் என்று முன்கூட்டியே முடிவு செய்யாத வீட்டில் அது தானாக அம்மாவின் லீவாகவே முடியும். இந்த மாதம் நீ, அடுத்த மாதம் நான் என்று அப்பாவும் அம்மாவும் தேதி போட்டுப் பிரித்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, நகரத்துக் காப்பகங்களில் ரைம்ஸ், கலர்ஸ் என்று எல்லாம் ஆங்கிலத்தில் போகிறது. ஆயாக்களுக்குத் தெரிந்தது தமிழ். குழந்தையிடம் உங்களுக்கு வந்த மொழியிலேயே நிறையப் பேசுங்கள் என்று அவர்களிடம் சொல்லிவைப்பது நல்லது. தடுமாறும் ஆங்கிலத்தில் பத்து வார்த்தை கேட்பதைவிடச் சரளமான தமிழில் ஆயிரம் வார்த்தை கேட்கும் பிள்ளைக்குத்தான் பேச்சு வரும்.

அங்கன்வாடி

நடுத்தர வர்க்கம் திரும்பியும் பார்க்காத வழி இது. 1972இல் மீனா சுவாமிநாதன் தலைமையிலான குழு, பள்ளி வயதுக்கு முந்தைய பிள்ளைகளுக்கு என்ன செய்ய வேண்டும் என்று ஓர் அறிக்கை கொடுத்தது. 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டத்துக்கு அது அடித்தளம். தமிழ்நாட்டில் இன்று சுமார் 54,000 அங்கன்வாடிகள் இருக்கின்றன. இரண்டு வயதிலிருந்து பிள்ளை அங்கே உட்காரலாம். சூடான சாப்பாடு, வாரத்தில் மூன்று நாள் முட்டை, மாதாமாதம் எடை, தமிழில் பாட்டும் கதையும். உங்கள் தெருவில் இஸ்திரி போடுபவரின் பிள்ளையும் ஆட்டோ ஓட்டுபவரின் பிள்ளையும் உங்கள் பிள்ளையோடு ஒரே பாயில் உட்காரும். மாதம் எட்டாயிரம் பத்தாயிரம் கொடுத்துச் சேர்க்கும் இடத்தில் இது கிடைக்காது.

குறை, நேரம். பிற்பகலோடு முடிந்துவிடும், இரவு ஏழு மணி வரை வேலை பார்க்கும் வீட்டுக்கு அது மட்டும் போதாது. எல்லா மையங்களும் ஒரே தரத்திலும் இல்லை, சில இடங்களில் கட்டடமே ஓட்டை. ஆனால் பாட்டி வீட்டில் இருக்கிறார் என்றால், காலை பத்திலிருந்து மதியம் வரை பிள்ளை அங்கன்வாடியில், அப்புறம் பாட்டியிடம் என்று வைத்துப்பாருங்கள். பாட்டிக்கு மூன்று மணி நேரம் ஓய்வு, பிள்ளைக்குப் பத்துப் பிள்ளைகள், செலவு எதுவும் இல்லை. இரண்டு வயதுக்கு மேல் இதைவிட நல்ல சேர்க்கை எனக்குத் தெரியவில்லை.

வேலையை விடுவது

யாராவது ஒருவர் வேலையை விடுவது என்றால் அது அம்மா என்பது கேட்காமலே முடிவாகிவிடுகிறது. அவரே விரும்பினால் நல்லது. விருப்பமில்லாமல் விட்டவர், மூடிய வீட்டில் நாள் முழுக்க ஒரே ஆளாக இருக்கிறார். குழந்தையும் ஒரே ஒருவரின் மனநிலையை நம்பி இருக்கிறது. பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு இருந்தால் இது இருவருக்குமே ஆபத்து. விடும் முன் அப்பாவின் சம்பளத்தையும் அதே தராசில் வையுங்கள். மத்திய அரசில் பெண்களுக்குக் குழந்தைப் பராமரிப்பு விடுப்பு பணிக்காலம் முழுவதற்கும் 730 நாள் இருக்கிறது, துணையின்றித் தனியாக வளர்க்கும் ஆண் ஊழியருக்கும் உண்டு. இருப்பவர்கள் அதை முதல் மூன்று வருடத்தில் செலவழிக்கத் தயங்குகிறார்கள், பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு என்று சேர்த்துவைக்கிறார்கள். எனக்கு அது தலைகீழாகத் தெரிகிறது.

ஒரே வீடா, பக்கத்து வீடா

கூட்டுக் குடும்பத்தில் வளர்ந்தவர்கள் அதைப் பேசும்போது கண்ணில் ஒளி வரும். பெரியம்மா ஊட்டினாள், சித்தப்பா சைக்கிளில் வைத்துச் சுற்றினார், அண்ணன் கணக்குச் சொல்லிக்கொடுத்தான். அத்தனையும் உண்மை. ஆனால் அந்த வீட்டில் மருமகளாக இருந்தவரிடமும் கேளுங்கள். தூக்கிக் கொஞ்சப் பத்துப் பேர், கழுவிவிட ஒருத்தி. எட்டுப் பேருக்குச் சமைத்துவிட்டுத்தான் தன் பிள்ளைக்கு ஊட்ட நேரம் கிடைக்கும். சாக்லெட் வேண்டாம் என்று அம்மா சொன்னால் தாத்தா வாங்கித் தருவார், யார் சொல்வது செல்லும் என்பதைப் பிள்ளை இரண்டு வயதிலேயே புரிந்துகொள்ளும். பெரியப்பா பையனைப் பார் என்ற ஒப்பீடும் சாப்பாட்டோடு சேர்ந்து வரும்.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் போக்சோ சட்டத்தின் கீழ் பதிவாகும் வழக்குகளில் மிகப் பெரும்பாலானவற்றில் குற்றம் சாட்டப்பட்டவர் குழந்தைக்குத் தெரிந்தவர்தான். உறவினர், பக்கத்து வீட்டுக்காரர், வீட்டுக்கு வந்துபோகிறவர். நிறையப் பேர் இருக்கும் வீடு என்பதாலேயே அது பாதுகாப்பான வீடு ஆகிவிடாது. யார் மடியில் உட்கார விருப்பமில்லை என்று பிள்ளை சொன்னாலும், அது தாய்மாமனாகவே இருந்தாலும், வற்புறுத்தாதீர்கள். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை வீட்டில் எல்லாரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

பெற்றோர் வீட்டிலிருந்து நடக்கும் தூரத்தில் தனி வீடு எடுப்பதைத்தான் நான் முதலில் வைப்பேன். பிள்ளைக்கு இரண்டு வீடு, இரண்டு வீட்டிலும் தட்டும் பாயும். அடுப்பு தனி, கோபம் வந்தால் போய்ச்சேர அவரவர்க்கு வாசல் உண்டு. பாட்டியைத் தன் தெருவிலிருந்தும் தாத்தாவிடமிருந்தும் பிரிக்க வேண்டியதில்லை. இதற்கு விலை உண்டு. ஆவடியில் பெற்றோர், சிறுசேரியில் அலுவலகம் என்றால் பயணத்திலேயே நாள் போய்விடும், மாலையில் பிள்ளை விழித்திருக்கும் இரண்டு மணி நேரமும் ரயிலிலும் பஸ்ஸிலும் கரையும். இருவரில் ஒருவருக்காவது அலுவலகம் அருகில் இருக்கும்படி பார்க்க வேண்டும். திருச்சி, மதுரை, கோவை ஆகிய ஊர்களில் தமிழக அரசு நிறுவனமான எல்காட்டின் தகவல் தொழில்நுட்பப் பூங்காக்கள் வந்திருப்பதால், சொந்த ஊருக்குப் பக்கத்திலேயே வேலை மாற்றிக்கொள்ளும் வாய்ப்பு முன்னைவிட இப்போது உண்டு. சம்பளம் சற்றுக் குறையலாம். சென்னை வாடகையையும் காப்பகக் கட்டணத்தையும் கழித்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

இதெல்லாம் பாட்டி தாத்தா இருப்பவர்களுக்கு. சாதி மாறிக் கல்யாணம் செய்துகொண்டதால் இரண்டு வீட்டிலும் கதவு சாத்தப்பட்டவர்களை, கணவர் இல்லாமல் தனியாக வளர்க்கும் பெண்களை, பெற்றோரை இழந்தவர்களை இந்தப் பேச்சில் யாரும் நினைப்பதில்லை. அவர்களுக்குக் காப்பகம்தான் ஊர். ஒரே குடியிருப்பில் கைக்குழந்தையோடு இருக்கும் இரண்டு மூன்று வீடுகளைத் தேடிப் பிடித்து, சனிக்கிழமை உன் வீட்டில், ஞாயிற்றுக்கிழமை என் வீட்டில் என்று பிள்ளைகளை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொள்ளும் பழக்கத்தைத் தொடங்கினால், ஒரு வருடத்தில் அது சித்தி வீடு மாதிரியே ஆகிவிடுகிறது. சொந்தக்காரர்கள் பக்கத்தில் இருப்பவர்களும் இந்த வீடுகளுக்குள் போய்ச் சேர வேண்டும். அடுத்த வீட்டுப் பெண்ணிடம், அவசரம் என்றால் பிள்ளையை என்னிடம் விட்டுவிட்டுப் போங்கள் என்று ஒருவர் முதலில் சொன்னால் போதும்.

எந்த வழியை எடுத்தாலும், விடுப்பு முடிவதற்கு மூன்று நான்கு வாரம் முன்பே தொடங்கிவிடுங்கள். ஐந்து மாதக் குழந்தை புதிய கைக்கு எளிதில் பழகும். எட்டு மாதத்திலிருந்து ஒன்றரை வயது வரை முகம் பார்த்து அழும் பருவம், அப்போது இன்னும் அதிக நாள் பிடிக்கும். அதனால் ஒரு வருட விடுப்பு உள்ள அரசு ஊழியர்கள் அவசரப்படாமல் இரண்டு மாதம் ஒதுக்கலாம். முதலில் அம்மா கூடவே இருந்து அரை மணி நேரம், பிறகு அம்மா இல்லாமல் ஒரு மணி நேரம், அப்புறம் ஒரு தூக்கமும் ஒரு சாப்பாடும். கிளம்பும்போது ஒளிந்துகொண்டு ஓடாதீர்கள், போய்விட்டு வருகிறேன் என்று முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போங்கள். அழும், அழட்டும். பத்து நிமிடம் கழித்துப் போன் செய்து கேளுங்கள். மூன்று வாரம் ஆகியும் நாள் முழுக்க அழுகிறது, சாப்பாடு இறங்கவில்லை, எடை ஏறவில்லை என்றால் ஏற்பாட்டை மாற்றுங்கள். செலவழித்த முன்பணத்தையோ, பாட்டி மனது நோகும் என்பதையோ பார்க்க வேண்டாம்.